வங்கி மற்றும் நிதிச் சட்டம் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியச் சட்டக் கல்லூரிகளில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், வங்கி மற்றும் நிதிச் சட்டத்தை விருப்பப் பாடமாகவோ முதுநிலைப் படிப்பின் துறையாகவோ தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

வங்கிச் சட்டம் என்ற பெயரில் தனியொரு சட்டம் இருக்கிறதா?

இல்லை. அது ஒரு பாடத்தின் பெயர். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நெருக்கடிகளைச் சமாளிக்க இயற்றப்பட்ட பல சட்டங்கள் அந்தப் பெயரின் கீழ் ஒன்றாக வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், காசோலை, உறுதிச் சீட்டு முதலியவற்றுக்கான 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் ஆகிய மூன்றும் அடித்தளம். அவற்றின் மேல் 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும் எழுந்தன. கடனை வசூலிக்க 1993ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டமும், 2002ஆம் ஆண்டில் வந்து சர்ஃபேசி என்று எல்லோரும் அழைக்கும் சட்டமும், 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பும் வந்தன. இவற்றோடு அந்நியச் செலாவணி, பணமோசடித் தடுப்பு, மின்னணுப் பணப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கான சட்டங்களும் உண்டு.

ஆகவே முதல் வாரத்திலேயே மாணவர் தலை சுற்றிப்போவது இயல்பு. இதற்கு ஒரு நல்ல தொடக்கப்புள்ளி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறுவதும், கேட்கும்போதோ வேறு வகையிலோ அதைத் திருப்பித் தருவதும், காசோலை முதலியவற்றால் எடுத்துக்கொள்ள இடமளிப்பதுமே வங்கித்தொழில் என்று அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஊராரின் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கடன் கொடுப்பது என்ற இந்த ஒரே செயலிலிருந்துதான் பாடத்தின் எல்லாக் கேள்விகளும் பிறக்கின்றன. பணம் போட்டவருக்கு என்ன பாதுகாப்பு, கடன் வாங்கியவரிடம் எப்படி வசூலிப்பது, இருவருக்கும் நடுவில் நிற்கும் வங்கியை யார் கண்காணிப்பது என்ற மூன்றில் ஒன்றுக்குள் எந்தப் பிரிவையும் வைத்துப் பார்க்க முடியும்.

இதை எங்கே, எந்தப் பட்டத்தில் படிக்கலாம்?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பாகவோ, ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பாகவோ சட்டம் பயிலலாம். அங்கே மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அகில இந்திய நுழைவுத்தேர்வான கிளாட் எழுத வேண்டும். வங்கிச் சட்டம் தனிப் பட்டமாக அமைவது அரிது. சட்டப் பட்டப்படிப்பின் பிற்பகுதியில் வணிகச் சட்டத் தொகுதியில் ஒரு தாளாக வரும். வணிகவியலும் சட்டமும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்கியலும் சேர்ந்தே கிடைக்கும்.

வணிகவியல் பின்னணி இல்லாதவர் படிக்க முடியுமா?

தாராளமாகப் படிக்கலாம். கூட்டு வட்டி எப்படி ஏறுகிறது என்பதையும், ஒரு கடன் கணக்கின் அறிக்கையில் பற்று எது வரவு எது என்பதையும் அறிந்திருந்தால் பட்டப்படிப்பு அளவுக்குப் போதும். வீட்டில் யாருடைய கடன் கணக்கு அறிக்கையாவது இருந்தால், அசலும் வட்டியும் மாதந்தோறும் எப்படிப் பிரிகின்றன என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்தாலே அது வந்துவிடும்.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு இப்பாடம் கடினமா?

தொடக்கத்தில் கடினம்தான், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சட்ட வாசகங்களும் தீர்ப்புகளும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்திலும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலும் நடைமுறையில் ஆங்கிலமே வழங்குகிறது. ஆனால் தமிழ் நன்றாகத் தெரிந்த மாணவருக்கு இத்துறையில் ஒரு வலிமை உண்டு. வங்கிக் கடனுக்கு அடிப்படையாக வரும் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், செட்டில்மெண்ட், உயில், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மூலப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் வரும் நான்கெல்லை விவரத்தையும் பாத்தியதையையும் பிழையின்றிப் புரிந்துகொள்பவரை எந்த வங்கிக் கிளையும் மதிக்கும்.

இந்த வலிமையை வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சட்ட நடையைப் பிரிவு பிரிவாகத் தமிழில் சொல்லிப் பார்த்துப் படிப்பது நல்ல வழி. "இருந்தபோதிலும்", "வரம்புக்கு உட்பட்டு" என்ற பொருளில் வரும் சொற்களே ஒரு பிரிவின் முடிவைத் திருப்பிப் போடுகின்றன. அவற்றை அடிக்கோடிட்டு வாசிக்கப் பழக வேண்டும்.

வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு ஏன் முதல் பாடமாக வைக்கப்படுகிறது?

நாம் வங்கியில் போடும் பணம் சட்டப்படி நம்முடையதாக அங்கே இருப்பதில்லை என்ற செய்தி பெரும்பாலான மாணவர்களுக்கு வியப்பைத் தருகிறது. போட்ட கணமே பணம் வங்கியுடையதாகிவிடுகிறது. வங்கி நமக்குக் கடன்பட்டதாகிறது. ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் 1848ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. வாடிக்கையாளர் கேட்ட பிறகே அந்தக் கடன் தீர்க்கத்தக்கதாகிறது என்று 1921ஆம் ஆண்டின் ஜோக்கிம்சன் வழக்கு சொன்னது. வாடிக்கையாளரின் விவரங்களை வங்கி வெளியிடக்கூடாது என்ற கடமையையும் அதற்கான நான்கு விலக்குகளையும் 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கு வகுத்தது. நமது நீதிமன்றங்களும் இந்த அடித்தளத்தை ஏற்றே நடக்கின்றன.

இதன் பலன் எங்கே தெரிகிறது என்பதற்குக் கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற 1987ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாசிக்கலாம். ஒரு நிறுவனத்தின் கணக்காளர் 42 காசோலைகளில் பொய்க் கையெழுத்திட்டுப் பணம் எடுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தை நிறுவனம் ஒழுங்காகப் பார்த்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருக்கலாமே என்று வங்கி வாதிட்டது. பொய்க் கையெழுத்திட்ட காசோலை வாடிக்கையாளரின் கட்டளையே ஆகாது, கட்டளை இல்லாமல் வங்கி கொடுத்த பணம் வங்கியின் பணம், புத்தகத்தைச் சரிபார்க்கவில்லை என்பதற்காக மட்டும் வாடிக்கையாளர் அந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வங்கி கடனாளி, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர் என்ற பழைய விதியை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு இந்த முடிவு இயல்பாகவே புலப்படும்.

காசோலை வழக்குப் பிரிவான 138ஐ எல்லோரும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, ஏன்?

மனப்பாடம் செய்வதைவிட ஒரு நாட்காட்டியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. கணக்கில் போதிய பணமின்றிக் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் இந்தப் பிரிவு 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் நூறாண்டுக்கு மேல் இல்லாதிருந்து, 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காசோலையை அதன் செல்லுபடிக் காலத்துக்குள் வங்கியில் போட வேண்டும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2012 ஏப்ரல் முதல் அது மூன்று மாதம். காசோலை திரும்பியது என்ற தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசம் கழிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

தாமதித்தவருக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரப்பட்டு 15 நாள் முடிவதற்கு முன் தாக்கல் செய்த புகார் நிலைக்காது என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது என்ற கேள்வியிலும் 2014ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு ஒரு விடையைச் சொல்ல, 2015ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றி, பணம் பெறவேண்டியவர் தம் கணக்கின் வழியாக வசூலுக்குப் போட்டிருந்தால் அக்கணக்கு இருக்கும் கிளையின் எல்லையிலேயே வழக்கிடலாம் என்று ஆக்கியது. பழைய பதிப்பு நூலை வைத்துப் படிப்பவர் தேர்வில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் கைமாற்றாகப் பணம் வாங்கும்போது, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலையைக் கொடுத்துவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வெற்றுக் காசோலையாக இருந்தாலும், தாமாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததானால் கடனைத் தீர்க்கவே காசோலை தரப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானம் அதற்கும் பொருந்தும் என்று 2019ஆம் ஆண்டின் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவர் தலையில் விழுகிறது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும். சட்டம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஒரு செய்தியை உறவினர் அனைவருக்கும் சொல்லிவைப்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

நகரத்தாரின் உண்டியலுக்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உண்டியல் என்பது இங்கே வணிகர்கள் பணம் கொடுக்கச் சொல்லித் தம் மொழியில் எழுதிய ஆவணம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் முதல் பிரிவே, கீழை நாட்டு மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் தொடர்பான உள்ளூர் வழக்கங்களை இச்சட்டம் பாதிக்காது என்கிறது. ஆவணத்திலேயே வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, தமிழிலோ குஜராத்தியிலோ எழுதிய உண்டியலை அந்தந்த வணிகச் சமூகத்தின் வழக்கமே ஆண்டது. ஒரு சட்டம் தனக்கு முந்தைய வழக்கத்துக்கு வழிவிட்டு எழுதப்பட்ட அரிய இடங்களில் இது ஒன்று; ஆய்வு மாணவர் எவரேனும் இதை எடுத்துக்கொண்டு நகரத்தார் கணக்கேடுகளோடு சேர்த்து எழுதினால் மிகுந்த மகிழ்ச்சியடைவேன்.

ஜாமீன் கையெழுத்துப் பற்றிய பகுதிக்கு இவ்வளவு நேரம் தேவையா?

இப்பாடத்தில் என்னால் அவசரமாகக் கடந்துபோக முடியாத பகுதி இதுவே. அண்ணன் கடன் வாங்குகிறார், தம்பி கையெழுத்திடுகிறார். "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்ற சொல்லை நம்பி, எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடப்படுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. முதலில் கடனாளியிடம் கேட்டுவிட்டு, அங்கே கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது என்பதை 1969ஆம் ஆண்டின் பேங்க் ஆஃப் பிஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கடனாளியைத் தொடாமலே வங்கி ஜாமீன்தாரரிடம் வரலாம்.

அதே சட்டத்தின் 133 முதல் 141 வரையுள்ள பிரிவுகள் ஜாமீன்தாரரைக் காக்கின்றன. அவருடைய ஒப்புதலின்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றினாலோ, கடனாளியை விடுவித்தாலோ, கையிலிருந்த பிணையத்தை வங்கி இழந்தாலோ, அதற்கேற்ப ஜாமீன்தாரர் முழுமையாகவோ ஓரளவோ விடுபடுவார். வகுப்பில் இவற்றைப் படிக்கும் மாணவருக்கு மனம் ஆறுதலடையும். பிறகு வங்கிகள் பயன்படுத்தும் அச்சிட்ட ஜாமீன் பத்திரம் ஒன்றை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால், இந்தப் பாதுகாப்புகளை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதாக ஜாமீன்தாரர் ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் இருப்பதைக் காண்பார். சட்டம் ஒரு கையால் கொடுத்ததை ஒப்பந்தம் மறு கையால் எடுத்துக்கொள்ள எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்பது இன்றும் விவாதத்துக்குரிய கேள்வி. அதை முழுமையாக உணர, பிரிவையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுவனக் கடன்களிலும் இதே நிலைதான். திவால் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்துக்கான மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டு, கடனின் பெரும்பகுதி தள்ளுபடியானாலும், அதற்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர் அதனாலேயே விடுபட்டுவிடமாட்டார் என்று 2021 மே மாதத்தில் லலித் குமார் ஜெயின் வழக்கில் தீர்ப்பாயிற்று.

சர்ஃபேசி சட்டத்தை எப்படி அணுகுவது?

நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி தன் பிணையத்தைக் கைப்பற்றி விற்க இச்சட்டம் அதிகாரம் தருகிறது. உரிமையியல் நீதிமன்றங்களில் வசூல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்ததே இதற்குக் காரணம். இவ்வளவு பெரிய அதிகாரத்தை வைத்திருப்பதால், ஒவ்வொரு படியையும் அது எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று பார்ப்பதே படிக்கும் முறை.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. பிறகு 13(2) பிரிவின்படி 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு வருகிறது. கடனாளி மறுப்பு எழுதினால், அதை ஏற்காத காரணத்தை 15 நாட்களுக்குள் வங்கி தெரிவிக்க வேண்டும். 60 நாள் கழிந்தபின் 13(4) பிரிவின்படி வங்கி சொத்தைக் கையகப்படுத்தலாம். தேவைப்பட்டால் 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் உதவியை நாடலாம். பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் இத்தீர்ப்பாயங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது.

முதலில் இச்சட்டம், தீர்ப்பாயத்தை அணுகுவதற்கே கோரிக்கைத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டச் சொன்னது. கடனைக் கட்ட முடியாதவரிடம் முக்கால் பங்கைக் கட்டிவிட்டு நியாயம் கேள் என்பது நியாயத்தின் கதவை மூடுவதாகும் என்பதால், 2004ஆம் ஆண்டின் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை மட்டும் நீக்கி, சட்டத்தின் மற்றப் பகுதியை நிலைநிறுத்தியது. மேல்முறையீட்டுக்கு மட்டும் இன்றும் பாதித் தொகை கட்ட வேண்டும். தீர்ப்பாயம் அதைக் கால் பங்கு வரை குறைக்கலாம்.

விவசாய நிலம் இச்சட்டத்துக்குள் வராது என்று 31ஆம் பிரிவு கூறுகிறது. எது விவசாய நிலம் என்பதில்தான் சிக்கல். வருவாய்த்துறைப் பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்பட்டது, எந்த நோக்கத்துக்காக அடமானம் வைக்கப்பட்டது என்பதையும் சான்றுகளால் பார்க்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற இந்தியன் வங்கி வழக்கொன்றில் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டது. சொத்தை மீட்கும் உரிமை எந்த நாள்வரை இருக்கிறது என்ற கேள்வியும் இப்படியே நுணுக்கமானது. ஏல விற்பனை முடியும்வரை மீட்கலாம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அவ்வுரிமை முடிகிறது என்று 2023 செப்டம்பரில் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு குடும்பத்தின் வீடு நிற்பதும் போவதும் இந்தத் தேதியைத் தெரிந்துகொண்ட வழக்கறிஞர் கிடைத்தாரா என்பதைப் பொறுத்திருக்கிறது.

ஒரு வங்கியே நொடித்துப்போனால் சட்டம் என்ன செய்கிறது?

இதற்கான வரலாறு சென்னையிலேயே இருக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது அதில் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதன் பின்விளைவாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்ற முயற்சியில் 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. 1938ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியும் 1960ஆம் ஆண்டில் பாலை சென்ட்ரல் வங்கியும் வீழ்ந்தன. பாலை வங்கி வீழ்ந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே காப்பு. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம். ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் பெயரில் இருக்கும் தொகைகள் ஒன்றாகச் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நொடித்த வங்கிக்குத் தடைக்காலம் விதித்து அதை வேறொரு வங்கியோடு இணைக்க இடமளிக்கும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு எப்படி இயங்குகிறது என்று காண, 1926ஆம் ஆண்டில் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவை நாள்வாரியாக வாசிக்கலாம். 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு தடைக்காலம் விதித்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போயிற்று. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். பங்கு வைத்திருந்தவர்களின் மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. வைப்பாளரும் பங்குதாரரும் சட்டத்தின் முன் எவ்வளவு வேறான இடங்களில் நிற்கிறார்கள் என்பதை வேறெந்த எடுத்துக்காட்டும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லாது.

கந்துவட்டி, சீட்டு, நிதி நிறுவன மோசடி ஆகியவையும் பாடத்தில் வருமா?

பல பாடத்திட்டங்கள் இவற்றை ஓரத்தில் வைக்கின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. வங்கித்தொழில் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 45ஆம் பதிவாக இருக்க, வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் மாநிலப் பட்டியலில் 30ஆம் பதிவாக இருக்கிறது. அதனால்தான் அடகுக்கடைகளுக்கு 1943ஆம் ஆண்டின் சட்டமும், வட்டித்தொழிலுக்கு 1957ஆம் ஆண்டின் சட்டமும், மிகை வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் சட்டமும் தமிழ்நாட்டுக்கென்று இருக்கின்றன. நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்ட காலத்தில், 1997ஆம் ஆண்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் அதைச் செல்லத்தக்கதென ஏற்றது. ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற வங்கிசாரா நிதி நிறுவனத்தை மாநிலத்தின் வட்டித்தொழில் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2022ஆம் ஆண்டின் நெடும்பிள்ளி வழக்கு கூறுகிறது. உங்களிடம் வரும் கட்சிக்காரர் யாரிடம் கடன் வாங்கினார் என்ற முதல் கேள்வியிலேயே, எந்தச் சட்டம் பொருந்தும் என்பது தீர்ந்துவிடுகிறது.

ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் வலிமை உண்டா?

வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ போன்ற பிரிவுகளின் கீழ், சட்டம் கொடுத்த அதிகார எல்லைக்குள் வெளியிடப்பட்டால் உண்டு. எல்லை மீறினால் நீதிமன்றம் நீக்கிவிடும். 2018 பிப்ரவரி 12 அன்று வெளியான வாராக்கடன் சுற்றறிக்கையை, தரணி சுகர்ஸ் வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மெய்நிகர் நாணயத் தொழிலுக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்ற 2018ஆம் ஆண்டின் சுற்றறிக்கை 2020 மார்ச்சில் அதே நிலையை அடைந்தது. இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். முதலாவது அதிகாரம் இல்லை என்று நீக்கியது, இரண்டாவது அதிகாரம் உண்டு, ஆனால் பயன்படுத்திய அளவு மிகை என்று நீக்கியது.

அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் மின்னணு முறையில் பணம் எடுக்கப்பட்டு, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று அது சொன்னது. இத்தகைய உத்தரவுகள் அவ்வப்போது தொகுக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வருவதால், மேற்கோள் காட்டும் நாளில் நடைமுறையில் உள்ளது எது என்று ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பொதுத்துறை வங்கிகளின் சட்ட அலுவலர் பணிக்கு வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வு முதன்மையான வழி. சட்டப் பட்டத்தோடு வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்கவும் வேண்டும். தீர்ப்பாயங்களில் வங்கிக்காகவோ கடனாளிக்காகவோ வாதாடலாம். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் திவால் வழக்குகளுக்கென்றே அலுவலகங்கள் இயங்குகின்றன.

பலர் தொடங்கும் இடம், வங்கியின் பட்டியல் வழக்கறிஞராகச் சொத்து ஆவணங்களைச் சரிபார்த்துக் கருத்துரை தரும் பணி. முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பது, பங்காளிகளில் யாரும் கையெழுத்திடாமல் விடுபட்டிருக்கிறார்களா, வயதுக்கு வராத இளவரின் பங்கு நீதிமன்ற அனுமதியின்றி விற்கப்பட்டிருக்கிறதா என்று ஆராய்வது எல்லாம் இதில் அடங்கும். பத்திரங்களை ஒப்படைத்தே அடமானம் ஏற்படுத்தும் முறையைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவு, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் ஆகிய நகரங்களைப் பெயர் சொல்லியே அனுமதித்து, பிற ஊர்களை அரசு அறிவிக்க இடம் வைத்தது. இன்று வீட்டுக்கடன் வாங்கும் எவருக்கும் தெரிந்த "எம்.ஓ.டி." என்ற பத்திர ஒப்படைப்புக் குறிப்பாணை அதன் வழி வந்ததே. கருத்துரை தவறிவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கறிஞர் மேல் குற்றவழக்கு நிற்காது என்று 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், பாராத பத்திரத்தைப் பார்த்ததாக எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிர்க்க வேண்டும்.

வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் சட்டம் படிக்கலாமா?

வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்பினால் முடியாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் வகுப்புக்கு நேரில் வருவதையும் 70 விழுக்காடு வருகையையும் கட்டாயமாக்குகின்றன. அறிவுக்காக மட்டும் படிக்க விரும்பும் வங்கி ஊழியருக்குப் பட்டயப் படிப்புகள் போதும்.

முதுநிலைப் படிப்பு தேவையா?

வாதாடுவதற்குத் தேவையில்லை, கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் தேவை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் அது இரண்டாண்டுப் படிப்பு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு. இரண்டாண்டு கிடைப்பவர், அதில் ஓரிரு மாதத்தையாவது கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்து வழக்குகளைக் கேட்பதற்கு ஒதுக்கினால் ஆய்வுத் தலைப்பு தானாகவே கிடைக்கும். 13(2) அறிவிப்புகள் ஏன் தமிழிலும் தரப்படுவதில்லை, ஆங்கிலம் அறியாத ஜாமீன்தாரருக்கு அந்த 60 நாளில் என்ன புரிகிறது என்பதை யாரேனும் களத்தில் இறங்கி ஆராய வேண்டும் என்று நெடுநாளாக நான் எதிர்பார்த்திருக்கிறேன்.